காய்ச்சலுக்கு ஊசி போட்டாத்தான் சரியாகுமா? கிளினிக் டாக்டர் முதலில் 'எத்தனை நாளா?' என்று கேட்பது ஏன்?

இரண்டு நாள் மழை அடித்து ஓய்ந்தால் போதும், அடுத்த ஓரிரு வாரத்திலேயே தெருமுனை கிளினிக்குகளில் உட்கார இடம் இருக்காது. பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பி, செருப்பு விடும் இடம் வரை ஆட்கள் நிற்பார்கள். தோளில் துவண்டு கிடக்கும் குழந்தையோடு அம்மாக்கள், மஃப்ளர் சுற்றிய தாத்தாக்கள், வேலைக்குப் போகிற வழியில் பைக்கை நிறுத்திவிட்டு வந்தவர்கள் என்று எல்லோருக்கும் ஒரே புகார்தான்: காய்ச்சல், உடம்பு வலி.

உள்ளே நடக்கும் பேச்சும் பெரும்பாலும் ஒன்றுதான்.

"டாக்டர், ஒரு ஊசி போட்டு விட்டுடுங்க. நாளைக்கு வேலைக்குப் போயே ஆகணும்."

"எத்தனை நாளா காய்ச்சல்?"

"ரெண்டு... மூணு நாள் இருக்கும் சார்."

"ரெண்டா, மூணா? யோசிச்சு சொல்லுங்க."

பலருக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். ஒரு நாள் முன்னே பின்னே இருந்தால் என்ன வந்துவிடப் போகிறது? ஆனால் மழைக்காலக் காய்ச்சலில் தெர்மாமீட்டர் காட்டும் எண்ணைவிட இந்த நாள் கணக்குதான் டாக்டருக்கு அதிகம் சொல்லும். எந்த ரத்தப் பரிசோதனை எடுப்பது, எந்த மாத்திரையைத் தவிர்ப்பது, யாரை வீட்டுக்கு அனுப்பலாம், யாரை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பதில் பாதி முடிவு அதை வைத்தே எடுக்கப்படுகிறது.

அந்த ஊசியில் என்னதான் இருக்கு?

'காய்ச்சல் ஊசி' என்று தனியாக ஒரு மருந்து கிடையாது. கிளினிக்கில் காய்ச்சலுக்குப் போடப்படும் ஊசியில் பெரும்பாலும் இருப்பது பாராசிட்டமால். அதாவது பெட்டிக்கடையில்கூட கிடைக்கிற அதே மாத்திரையின் திரவ வடிவம். சில இடங்களில் டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து போடுவார்கள். இன்னும் சில இடங்களில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டும் சேரும். இவற்றில் எதுவும் காய்ச்சலுக்குக் காரணமான வைரஸைக் கொல்லாது. உடம்புச் சூட்டையும் வலியையும் சில மணி நேரம் குறைக்கும், அவ்வளவுதான். மருந்தின் வேலை முடிந்ததும் காய்ச்சல் திரும்ப ஏறும். 'அந்த டாக்டர் போட்ட ஊசி கேக்கல' என்று அடுத்த தெரு கிளினிக்குக்குப் போவது இப்படித்தான் தொடங்குகிறது.

விழுங்க முடிகிற, வாந்தி இல்லாத ஒருவருக்கு மாத்திரையாகக் கொடுத்தாலும் பாராசிட்டமால் அதே வேலையைத்தான் செய்யும். அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் சூடு இறங்கத் தொடங்கும், நான்கு முதல் ஆறு மணி நேரம் தாங்கும்.

ஊசியில் வேறு சிக்கல்களும் உண்டு. தசையில் போடும் ஊசி சில நேரம் சீழ் கட்டும். இடுப்புக்குக் கீழே தவறான இடத்தில் குத்திவிட்டால் காலுக்குப் போகும் நரம்பு பாதிக்கப்பட்டு, பாதத்தைத் தூக்க முடியாமல் போகலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், அந்தக் காய்ச்சல் டெங்குவாக இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பது. டெங்குவில் ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் தசைக்குள் ஊசி குத்தினால் உள்ளேயே ரத்தம் கட்டலாம். டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் ஆகியவை வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கும் ஆபத்து உள்ளவை. அதனால்தான் டெங்கு சந்தேகம் இருக்கும்வரை, காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டுமே என்பதில் உலக சுகாதார நிறுவனம் முதல் உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையம் வரை ஒரே பேச்சு.

ஊசி கேட்பவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போச்சு என்ற நிலையில் இருப்பவர் 'மூணு நாள் ரெஸ்ட் எடுங்க' என்ற வார்த்தையை எப்படிக் கேட்பார்? டாக்டர் பக்கமும் அழுத்தம் இருக்கிறது. ஊசி போடாத டாக்டரை 'கைராசி இல்லாதவர்' என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயத்தில் போட்டு அனுப்புகிறவர்கள் உண்டு. ஊசி வேண்டாம் என்று உட்கார வைத்து ஐந்து நிமிடம் விளக்கும் டாக்டர், வெளியே காத்திருக்கும் கூட்டத்திடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறார். அந்த ஐந்து நிமிடத்தில் அவர் சொல்வது என்ன என்பதைத்தான் இந்தக் கட்டுரை விளக்குகிறது.

நாள் கணக்கை எப்படி எண்ணுவது?

காய்ச்சல் முதன்முதலில் தெரிந்த நாளே முதல் நாள். திங்கட்கிழமை ராத்திரி உடம்பு கதகதவென்று இருந்து, செவ்வாய் காலை நன்றாகவே ஏறியிருந்தாலும் கணக்கு திங்களிலிருந்துதான். மாத்திரை போட்டு இறங்கியிருந்த நேரமும் கணக்கில் சேரும். 'நேத்து ஒரு நாள் இல்லை, இன்னைக்குத் திரும்ப வந்திருக்கு' என்றால் அதையும் அப்படியே சொல்ல வேண்டும். விட்டு விட்டு வரும் காய்ச்சலின் போக்கே ஒரு தகவல்.

நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது அம்மாக்களுக்குப் பழக்கம். சூடு இருக்கிறதா என்பது அதில் தெரியும், எவ்வளவு என்பது தெரியாது. சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. அக்குளில் ஈரத்தைத் துடைத்துவிட்டு, முனை தோலை ஒட்டியபடி வைத்து, 'பீப்' சத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் இருந்தால் காய்ச்சல். அக்குளில் பார்க்கும் அளவு வாயில் பார்ப்பதைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். கொரோனா காலத்தில் வாங்கி வைத்த 'கன்' இருந்தால் பயன்படுத்தலாம், ஆனால் வெயிலிலிருந்து வந்ததும் நெற்றியில் நீட்டினால் அது சொல்வதை நம்ப முடியாது.

பாராசிட்டமால்: எல்லாருக்கும் தெரிஞ்ச மாத்திரைதானே?

தெரிந்த மாத்திரைதான். தப்பு நடப்பதும் அதில்தான் அதிகம்.

பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 அல்லது 650 மில்லி கிராம், ஆறு மணி நேர இடைவெளியில் என்பது வழக்கமான அளவு. நல்ல ஆரோக்கியத்தில் உள்ள பெரியவருக்கே 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. தினமும் குடிப்பவர்கள், கல்லீரல் பிரச்சினை உள்ளவர்கள், ரொம்ப ஒல்லியான முதியவர்கள் இதைவிடக் குறைவாகத்தான் எடுக்க வேண்டும், டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அளவு மீறினால் அடி விழுவது கல்லீரலுக்கு. அதுவும் முதல் நாளில் பெரிதாக எந்த அறிகுறியும் காட்டாமல் விழும்.

வேண்டுமென்றே யாரும் எட்டு மாத்திரை விழுங்குவதில்லை. தெரியாமல்தான் கூடிப்போகிறது. சளி, தும்மலுக்கு மெடிக்கலில் வாங்கும் பல மாத்திரைகளுக்குள்ளும் 500 மில்லி கிராம் பாராசிட்டமால் இருக்கும். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று சேர்த்துப் போட்டால் ஒரே வேளையில் இரட்டிப்பு அளவு உள்ளே போகிறது. அட்டையின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும் பெயரை ஒருமுறை படித்துப் பார்த்தால் போதும்.

குழந்தைகளுக்கு வயதை வைத்து அளவு சொல்வது தோராயம்தான். எடைதான் கணக்கு. ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லி கிராம் என்பது ஒரு வேளைக்கான அளவு. 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 120 முதல் 180 மில்லி கிராம் வரை. குழப்பம் எங்கே என்றால், ஒரே மருந்து மூன்று அடர்த்தியில் விற்கிறது. ஒரு சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லி கிராம் இருக்கும், இன்னொன்றில் 5 மில்லிக்கு 250 இருக்கும். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரே ஒரு மில்லியிலேயே 100 மில்லி கிராம் இருக்கும். சொட்டு மருந்தை சிரப் என்று நினைத்து அதே 5 மில்லி மூடியில் ஊற்றிக் கொடுத்தால் 500 மில்லி கிராம், அதாவது பெரியவர்களுக்கான முழு மாத்திரை குழந்தையின் வயிற்றுக்குள் போய்விடும். 'போன தடவை இதே அளவுதான் கொடுத்தேன்' என்பது போன தடவை வாங்கிய பாட்டிலுக்குத்தான் பொருந்தும்.

நிமிசுலைடு என்ற மருந்து 12 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு இந்தியாவில் 2011-லேயே தடை செய்யப்பட்டுவிட்டது. 'காய்ச்சல் உடனே இறங்கும்' என்று யார் கொடுத்தாலும் குழந்தைக்கு வேண்டாம். ஆஸ்பிரினும் அப்படியே.

"காய்ச்சல் விட்டாச்சு டாக்டர்": அங்கேதான் கவனம்

நாள் கணக்கு உயிர் விஷயமாக மாறும் இடம் இது.

டெங்குவில் முதல் இரண்டு மூன்று நாட்கள் கடுமையான காய்ச்சல், தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பு முறிவது போன்ற உடம்பு வலி இருக்கும். பிறகு மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே காய்ச்சல் தானாக இறங்கும். வீட்டில் எல்லோரும் நிம்மதியாகி விடுவார்கள். பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பலாமா என்று யோசிப்பார்கள். சிலர் டூட்டிக்கே கிளம்பி விடுவார்கள்.

ஆனால் சிலருக்குக் காய்ச்சல் இறங்கும் அந்த 24 முதல் 48 மணி நேரத்தில்தான் நோய் முற்றுகிறது. மெல்லிய ரத்தக் குழாய்களின் சுவர் தளர்ந்து, ரத்தத்தில் உள்ள நீர்ப்பகுதி வெளியே கசியத் தொடங்கும். வயிற்றிலும் நுரையீரலைச் சுற்றியும் நீர் சேரும். குழாய்க்குள் ஓட வேண்டிய ரத்தத்தின் அளவு குறையும். ரத்த அழுத்தம் விழும். கை கால் சில்லிட்டுப் போகும். உடம்பு சில்லென்று இருப்பதைத் தொட்டுப் பார்த்து 'காய்ச்சலே இல்லை, நல்லா இருக்கான்' என்று வீட்டில் நினைத்துக்கொள்வது எவ்வளவு ஆபத்து என்று இப்போது புரியும்.

டெங்கு வந்த எல்லோருக்கும் இப்படி ஆகாது. பெரும்பாலானோர் ஓய்வு, நீராகாரம், பாராசிட்டமால் என்று ஒரு வாரத்தில் மீண்டுவிடுவார்கள். ஏற்கெனவே ஒருமுறை டெங்கு வந்தவருக்கு இரண்டாவது முறை வரும்போது தீவிரமாகும் வாய்ப்பு கூடுதல். காரணம், டெங்கு வைரஸில் நான்கு வகை இருக்கிறது. ஒரு வகைக்கு உருவான எதிர்ப்பு சக்தி அடுத்த வகையிடம் காப்பாற்றுவதில்லை, சில நேரம் நிலைமையை மோசமாக்கவும் செய்கிறது. 'முன்னாடி டெங்கு வந்திருக்கா?' என்று டாக்டர் கேட்பது இதற்காகத்தான்.

காய்ச்சல் இறங்கிய பிறகும் இரண்டு நாள் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டியவை இவை: விடாத வயிற்று வலி. ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் வாந்தி. பல் ஈறு அல்லது மூக்கிலிருந்து ரத்தம். மலம் தார் போல் கறுப்பாகப் போவது. பெண்களுக்கு மாதவிடாய் ரத்தப்போக்கு வழக்கத்தைவிட அதிகமாவது அல்லது தேதி இல்லாமல் வருவது. மூச்சு வாங்குவது. எழுந்து நின்றால் கண் இருட்டுவது. ஆறு மணி நேரமாகியும் சிறுநீர் போகாதது. குழந்தை என்றால், விளையாடாமல் சுருண்டு படுத்திருப்பது அல்லது காரணமில்லாமல் நச்சரித்து அழுதுகொண்டே இருப்பது. இதில் ஒன்று தெரிந்தாலும் 'காலையில பாத்துக்கலாம்' என்று விடக் கூடாது. ராத்திரி என்றாலும் வார்டு வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தெருமுனை கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு திரும்புவது இதற்குத் தீர்வு ஆகாது.

பிளேட்லெட் எண் மட்டும் போதுமா?

டெங்கு என்றதும் வீட்டில் எல்லோரும் கேட்கும் ஒரே எண் பிளேட்லெட். ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருப்பது இயல்பு. அது 80 ஆயிரம், 50 ஆயிரம் என்று இறங்கும்போது வாட்ஸ்அப் குரூப்பில் 'பிளேட்லெட் தேவை' என்று செய்தி பறக்கும். உண்மையில் ரத்தக்கசிவு இல்லாத நோயாளிக்கு, எண்ணிக்கை 10 ஆயிரத்துக்குக் கீழ் போகும்வரை பொதுவாகத் தட்டணுக்கள் ஏற்றுவதில்லை. காய்ச்சல் விட்ட இரண்டு மூன்று நாளில் அது தானாகவே ஏறத் தொடங்கும்.

டாக்டர் அதே ரிப்போர்ட்டில் இன்னொரு வரியையும் பார்ப்பார். பிசிவி அல்லது ஹிமடோக்ரிட் என்று இருக்கும். ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீத இடத்தை அடைத்திருக்கின்றன என்ற கணக்கு அது. நீர் கசிந்து வெளியேறினால் ரத்தம் கெட்டியாகும், இந்த எண் ஏறும். முதல் நாள் பார்த்ததைவிட ஐந்தில் ஒரு பங்கு ஏறியிருந்தால் கசிவு நடக்கிறது என்று அர்த்தம். நேற்றைய ரிப்போர்ட் இருந்தால்தான் இன்றைய ஏற்றம் தெரியும். பழைய ரிப்போர்ட்டை வீட்டில் விட்டுவிட்டு வருபவர்களிடம் டாக்டர்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

பரிசோதனை எடுக்கும் நாளும் முக்கியம். என்.எஸ்.1 என்ற டெங்கு டெஸ்ட் முதல் ஐந்து நாட்களுக்குள் எடுத்தால்தான் பயன். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஐஜிஎம் என்ற எதிர்ப்பு அணு டெஸ்ட் பார்க்க வேண்டும். இரண்டாம் நாளே ஐஜிஎம் எடுத்துவிட்டு 'டெங்கு இல்லை' என்று முடிவு கட்டுவது காசுக்கும் கேடு, உயிருக்கும் ஆபத்து. டைபாய்டுக்கு எடுக்கும் வைடால் டெஸ்டும் முதல் சில நாட்களில் நம்பத்தக்கதல்ல.

பப்பாளி இலைச்சாறு, நிலவேம்பு குடிநீர் பற்றியும் கேள்வி வராமல் இருக்காது. டெங்கு பரவும் காலங்களில் தமிழ்நாடு அரசே நிலவேம்பு குடிநீர் விநியோகித்திருக்கிறது. பப்பாளி இலை தட்டணுக்களைச் சற்று விரைவாக ஏற்றுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் நீர் கசிவதை இவை நிறுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. குமட்டலோடு இருப்பவருக்குக் கசப்புச் சாற்றைக் கட்டாயப்படுத்திக் கொடுத்து, அவர் குடித்த கஞ்சியையும் சேர்த்து வாந்தி எடுத்தால் நஷ்டம்தான். குடிக்க விரும்பினால் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடிக்கலாம், அதை நம்பி ஆஸ்பத்திரி போவதைத் தள்ளிப் போடக் கூடாது.

டெங்கு இல்லைன்னா?

மழைக்காலத்தில் வருவதெல்லாம் டெங்கு இல்லை. சளி, தொண்டை வலியோடு வருவது பெரும்பாலும் சாதாரண வைரஸ் காய்ச்சல் அல்லது ஃப்ளூ. தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு நடந்தவருக்கு, கெண்டைக்கால் சதை பிடித்து வலிக்கிறது, கண் சிவந்திருக்கிறது என்றால் எலிக்காய்ச்சலை நினைக்க வேண்டும். தோட்டம், புதர் பக்கம் வேலை செய்பவருக்கு ஐந்து நாளைத் தாண்டியும் காய்ச்சல் விடவில்லை என்றால் ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். வேலூர் பக்கம் உட்பட தமிழ்நாட்டில் குளிர் மாதங்களில் இது வழக்கமாகவே வருகிறது. சிகரெட் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு உடம்பில் எங்காவது இருக்கலாம். வலிக்காது என்பதால் ஆளுக்கே தெரியாது. அக்குள், இடுப்பு மடிப்பு, மார்புக்குக் கீழ், தொடை இடுக்கு என்று மறைவான இடத்தில் இருக்கும். கூச்சப்படாமல் வீட்டில் ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டு டாக்டரிடம் சொன்னால், சரியான மாத்திரை அன்றே தொடங்கி விடலாம். டாக்சிசைக்ளின் போன்ற மருந்துக்கு இது சீக்கிரமே கட்டுப்படும். கவனிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை பாதிக்கும்.

மீந்துபோன ஆன்டிபயாடிக்

போன தடவை டாக்டர் எழுதிக் கொடுத்ததில் நாலு மாத்திரை மீதி இருக்கும். 'அதே காய்ச்சல்தானே' என்று எடுத்துப் போடுவதும், மெடிக்கலில் 'மூணு நாளைக்கு செட் கொடுங்க' என்று வாங்குவதும் சாதாரணமாக நடக்கிறது. வைரஸ் காய்ச்சலில் ஆன்டிபயாடிக்கால் எந்தப் பயனும் இல்லை. மாறாக டைபாய்டு போன்ற பாக்டீரியா நோயாக இருந்தால், அரைகுறையாகப் போட்ட மாத்திரை நோயை அடக்காமல் பரிசோதனையை மட்டும் குழப்பிவிடும். ரத்தத்தை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்டில் கிருமி சிக்காது.

மாத்திரை அட்டையில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் அதை விற்கக் கூடாது, வாங்கவும் கூடாது. குறிப்பிட்ட சில ஆன்டிபயாடிக்குகளை யாருக்கு, எந்த டாக்டரின் சீட்டுக்கு விற்றோம் என்று மருந்துக்கடைக்காரர் தனி ரிஜிஸ்டரில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2014 முதல் இருக்கிறது. எத்தனை கடையில் அந்த நோட்டு திறக்கப்படுகிறது என்பது வேறு கதை.

குழந்தைக்கு ஃபிட்ஸ் வந்தா சாவி கொடுக்கலாமா?

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் ஏறும்போது கை கால் வெட்டி இழுக்கும். பார்ப்பவர்களுக்கு உயிரே போய்விடும். ஆனால் காய்ச்சலால் வரும் இந்த வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாக நின்றுவிடும், மூளையைப் பாதிப்பதில்லை. கையில் இரும்புச் சாவி திணிப்பதால் வலிப்பு நிற்பதில்லை, அது நிற்கும் நேரத்தில்தான் நிற்கிறது. வாயில் ஸ்பூன், விரல், தண்ணீர் எதையும் வைக்கக் கூடாது. பல் உடையும், மூச்சு அடைக்கும். குழந்தையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, எச்சில் வெளியே வழியவிட்டு, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழைக்க வேண்டும். நின்றுவிட்டாலும், முதல் முறை என்றால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி வந்தாலே வீட்டு வைத்தியம் எதுவும் கிடையாது, நேராக ஆஸ்பத்திரி. கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள், வயதானவர்களும் மூன்று நாள் பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம். சர்க்கரை, பிரஷர், ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரைகளைக் காய்ச்சல் நேரத்தில் தொடரலாமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். தானாக நிறுத்துவதும் தப்பு, சாப்பிடாமலேயே சர்க்கரை மாத்திரையை மட்டும் போடுவதும் தப்பு.

இருமல் சிரப் விஷயத்திலும் அவசரம் வேண்டாம். 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் உயிரிழந்த சம்பவத்தில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் நச்சு ரசாயனம் கலந்திருந்தது தெரியவந்தது. அதையடுத்து மத்திய சுகாதாரத்துறை, இரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கு இருமல், சளி சிரப் எழுதவே வேண்டாம், ஐந்து வயது வரையிலும் பொதுவாகப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது.

பிரட் மட்டும்தான் சாப்பிடணுமா?

காய்ச்சல் என்றாலே ஒரு பாக்கெட் பிரட் வாங்கி வரும் பழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. இட்லி, இடியாப்பம், ரசம் சாதம், கஞ்சி, பருப்புக் குழைத்த சாதம் எல்லாமே சாப்பிடலாம். முட்டைக்கும் தடை இல்லை. பசி இல்லாவிட்டால் சாப்பாட்டைக் கட்டாயப்படுத்த வேண்டாம், தண்ணீரை மட்டும் விடக் கூடாது. மோர், அரிசிக் கஞ்சி, இளநீர், உப்பு போட்ட எலுமிச்சைச் சாறு என்று மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக. சிறுநீரக நோயாளிகள் இளநீர் குடிக்கும் முன் டாக்டரைக் கேட்க வேண்டும், அதில் பொட்டாசியம் அதிகம்.

ஓ.ஆர்.எஸ். வாங்கினால் தூளாக வரும் பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் மொத்தமாகக் கலந்து 24 மணி நேரத்துக்குள் குடிக்க வேண்டும். கால் பாக்கெட் கால் டம்ளர் என்று கண் அளவில் கலந்தால் உப்பு கூடிவிடும். டப்பாவில் வரும் இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். ஆகாது. அந்தப் பெயரைப் பானங்களின் லேபிளில் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டிருக்கிறது. பாக்கெட் கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து கலக்கலாம்.

கம்பளி போட்டு மூடி வியர்க்க வைப்பது, ஐஸ் தண்ணீரில் துடைப்பது இரண்டும் வேண்டாம். மெல்லிய பருத்தி உடை, காற்றோட்டம், தேவைப்பட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் துடைப்பது போதும். குளிக்கக் கூடாது என்றும் ஒன்றுமில்லை. முடிந்தால் வெந்நீரில் குளிக்கலாம். படுத்திருப்பவருக்குப் பகலிலும் கொசுவலை கட்ட வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில்தான் அதிகம் கடிக்கும், நோயாளியைக் கடித்த கொசுதான் பிறகு வீட்டில் மற்றவர்களுக்கும் நோயைக் கொண்டு போகிறது. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டை யாரும் பார்ப்பதில்லை, அதை வாரம் ஒருமுறை கொட்டிக் கழுவ வேண்டும்.

கிளினிக்குக்குப் போகும்போது கையில் என்ன இருக்கணும்?

ஒரு துண்டுச் சீட்டு போதும். காய்ச்சல் தொடங்கிய தேதி, எத்தனை மணிக்கு எத்தனை டிகிரி, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, இன்று எத்தனை முறை சிறுநீர் போனது. மாத்திரையின் பெயர் நினைவில்லை என்றால் அட்டையை அப்படியே எடுத்துப் போகலாம். வேறு டாக்டரிடம் ஏற்கெனவே ஊசி போட்டிருந்தால் அதை மறைக்கக் கூடாது. 'திட்டுவாரோ' என்று பயந்து சொல்லாமல் விடுவதால் ஒரே மருந்து மறுபடியும் போகும்.

'நாளைக்குத் திரும்ப வாங்க' என்று டாக்டர் சொன்னால், காய்ச்சல் இறங்கிவிட்டாலும் போய்த்தான் ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவர் கிளினிக் திறக்காது என்றால், எங்கே போவது என்று சனிக்கிழமையே கேட்டு வைத்துக்கொள்ளலாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு ஆஸ்பத்திரிகளிலும் காய்ச்சலுக்கான பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். ஆலோசனைக்கு 104, அவசரத்துக்கு 108.